தலைமை நூப்

16 பிப்ரவரி 2005
கையூம் மாமுவின் பிரவுசிங் சென்டரில் வேலைக்குச் சேர்ந்து மூன்றாம் நாள். பிரிண்டரில் தாளைத் தப்பான பக்கமாக வைத்துவிட்டேன். சர்வரைப் பார்த்துக்கொள்ளும் பிராங்க்ளின் அத்தனை கஸ்டமர் முன்னாலும், "ஏலே, இங்க பாருங்கடா, சரியான நூப்பு!" என்று சிரித்தான். கேம் ஆடிக்கொண்டிருந்தவர்களும் சிரித்தார்கள். அர்த்தம் கேட்டேன். "சொன்னாலும் ஒனக்குப் புரியாது" என்கிறான். என்னைவிட இளையவன்! இதை மறக்க மாட்டேன்.

21 பிப்ரவரி
இப்போது எல்லோருக்கும் நான் நூப். அதனால் இன்டர்நெட்டில் நானே தேடினேன். புதிதாக வந்தவரை 'நியூபி' என்பார்களாம். அமெரிக்கப் பட்டாளத்தில் பிறந்த பேச்சு என்கிறார் ஒருவர். இல்லை, பள்ளிக்கூடத்தில் என்கிறார் இன்னொருவர். அது தேய்ந்துதான் நூப். ஆனால் இரண்டும் ஒன்றில்லை. நியூபி கற்றுக்கொள்வான். நூப் என்றைக்கும் கற்றுக்கொள்ளாத மண்டு. அப்படியா சேதி? இருடா மகனே.

3 மார்ச்
மாமு இன்று, "ஏம்மா நூப்பு, டீ குடிச்சியா?" என்றார். தோல் வியாபாரத்தை விட்டுவிட்டு இதில் இறங்கியவர்; மவுஸைத் தொடவே பயப்படுவார். நூப் என்பதைக் கம்ப்யூட்டர் வேலையில் ஒரு பதவி என்றே நினைத்துவிட்டார். பிராங்க்ளின் வாயைப் பொத்திச் சிரித்தானே தவிர, திருத்தவில்லை.
நான் ஏன் திருத்த வேண்டும்?

9 மார்ச்
சொல்லிவிட்டேன். "அது ரொம்பப் பெரிய பதவி மாமு, எனக்கு எதுக்கு? சர்வர் பாக்குற பிராங்க்ளினுக்குத்தான் பொருந்தும். ஒரு விசிட்டிங் கார்டு அடிச்சுக் குடுங்களேன்." மாமு உடனே அச்சகத்துக்குக் கிளம்பிவிட்டார்.

17 மார்ச்
கார்டு வந்தது! 'டி. பிராங்க்ளின், தலைமை நூப்.' மாமு தன் கையாலேயே கொடுத்தார். பிராங்க்ளின் பேயறைந்தவன் மாதிரி நின்றான். என்னத்தைச் சொல்வான்? அர்த்தத்தைச் சொன்னால், இத்தனை நாள் என்னை மண்டு என்றுதான் கூப்பிட்டான் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டுமே. "தேங்ஸ் பாய்" என்று முனகினான். என் வயிறு குளிர்ந்தது. மதியம் பிரியாணியை ஒரு பருக்கை விடாமல் தின்றேன்.

18 மார்ச்
இன்று ஒருவரும் என்னை நூப் என்று கூப்பிடவில்லை. ஒருவரும்!

27 மார்ச்
பேகம்பூரில் நேற்று ஒரு நிக்காஹ். மாமு அந்தக் கார்டை ஒரு கட்டு கொண்டுபோய்ப் பந்தியில் எல்லோருக்கும் கொடுத்திருக்கிறார். "நம்ம கடையில தலைமை நூப்பே வேல பாக்குறாரு" என்று பெருமை வேறு. காலேஜ் பிள்ளைகள் சிரித்துப் புரண்டார்களாம். அவர் சம்பந்தியின் முன்னால்தான் ஒருத்தி அர்த்தத்தைச் சொன்னாளாம்.

காலையில் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். பிராங்க்ளின், "நாந்தான் பாய் மொதல்ல ஆரம்பிச்சேன்" என்றான். மாமு கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம்.

"கம்ப்யூட்டர் தெரியாத கெழவன்னு ரெண்டு பேருமாச் சேந்து சிரிச்சீகளாக்கும்" என்றார்.

ரெண்டு பேருமா? அவனும் நானுமா? இல்லை மாமு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவர் இரண்டு பேரையும் ஒரே மாதிரிதான் பார்த்தார்.