பவித்ராவின் காலைக் குளிசை

வியாழன், இரவு.

பவித்ராவை இன்று சிறுவர் இல்லத்துக்கு அனுப்பிவிட்டார்கள். பதின்மூன்று வயது. டியூசன் வாசலில் நிறுத்தியிருந்த யாரோ ஒருவரின் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினாள். இது இரண்டாம் தடவை. அவளுடைய நன்னடத்தை அலுவலர் நான். அவளுக்குக் கவனக்குறைபாட்டுக் கோளாறு இருப்பதாக வைத்தியர் எழுதிய கடிதத்தை அறிக்கையோடு இணைத்திருந்தேன்.

நீதிமன்றத்தில் நீதவான் கேள்வியை முடிக்குமுன் அவள் பதில் சொன்னாள். பிறகு மேலே சுற்றிய விசிறியையே பார்த்தாள். மேசை விளிம்பில் தாளம் போட்டாள்.

"நீதிமன்றத்திலை நிக்கிறன் எண்ட பயமே உந்தப் பிள்ளைக்கு இல்லை" என்றார் நீதவான்.

எழுந்து கடிதத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன்.

"அறிக்கையிலை இருக்குத்தானே, இருங்கோ" என்றார்.

அந்தப் பக்கத்தை அவர் புரட்டவேயில்லை. நான் திரும்ப அமர்ந்துவிட்டேன்.

வெளியில் தாய் என் கையைப் பிடித்துக்கொண்டார். "மிஸ், காலமை அவளுக்குக் குளிசை குடுக்கச் சொல்லுவியளோ? அது இல்லாட்டி அவளாலை ஓரிடத்திலை இருக்கேலாது."

"ஓம் அம்மா, நான் கதைக்கிறன்."

பின்னேரம் இல்லத்துக்கு அழைப்பு எடுத்தேன். தங்கள் வைத்தியர் பார்க்காமல் எந்தக் குளிசையும் கொடுக்க மாட்டார்களாம். அவர் வர இன்னும் மூன்று கிழமை.

தாய் எட்டு மணியிலிருந்து நாலு தடவை அழைத்துவிட்டார். நான் எடுக்கவில்லை.