உன் பெயரில் ஒரு கல்லறை

ஜார்ஜியா, 1864 டிசம்பர்

அன்பு மகன் ஆம்ப்ரோஸுக்கு அப்பா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் உன் மனைவி தர்சாவும் உயிரோடு இருக்கிறோம், நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். எனக்குக் குழம்பிவிடும் என்பதால் வரிசையை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

1. வடக்குப் படை வந்துபோனது.
2. உன் கல்லறை.
3. தர்சா.
4. நீ ஏன் வர்ஜீனியாவில் உன் பதுங்குகுழியிலேயே இருக்க வேண்டும் என்பது.

படை மரியாதையாகத்தான் வந்தது, எங்களில் ஒருவரையும் சுடவில்லை. பன்றிகளைச் சுட்டது, சோளக் களஞ்சியத்தைக் கொளுத்தியது, ரயில் தண்டவாளத்தைப் பழுக்கக் காய்ச்சி மரங்களில் சுற்றிவிட்டுப் போனது. களஞ்சியத்தோடு சண்டை போட்டு எந்தப் போரை வெல்வார்கள் என்று எனக்கு விளங்கவில்லை, என் அறிவு அவ்வளவுதானோ என்னவோ. தன் அடிமைகள் தன்னைத் தகப்பனாக நினைக்கிறார்கள் என்று பக்கத்துப் பண்ணைக் கல்பெப்பர் சொல்வாரே, அவர்கள் அத்தனை பேரும் அந்தப் படையின் பின்னால் நடந்துவிட்டார்கள். இப்போது அவரே விறகு பிளக்கிறார், கோடாரி பழக்கமில்லை.

படை வருமுன்பே, இங்கே எல்லோரும் செய்வதுபோல் நானும் உப்பிட்ட பன்றித்தொடைகளை ஒளித்துப் புதைத்து, கல்லறைபோல் மண்ணைக் குவித்து, பலகை நட்டேன். பலகைக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது, மனது வராமல்தான் உன் பெயரை எழுதினேன். வடக்கத்திச் சிப்பாய் ஒருவன் அதைப் படித்துவிட்டுத் தொப்பியைக் கழற்றி நின்றான். அடுத்த வாரம் நம் தெற்குக் குதிரைப்படை வந்தது. நம் பக்கத்துப் பையன்கள், வந்ததும் மண்வெட்டிதான் கேட்டார்கள். "பெருசு, எங்கப்பாவும் என்னை இப்பிடித்தான் பொதச்சு வெச்சிருக்காரு" என்று சொல்லி ஒருவன் சிரித்தான். ஒரு தொடைகூட மிஞ்சவில்லை.

தர்சாவுக்கு இது எட்டாம் மாதம். குதிரைகள் கட்டியிருந்த இடத்தில் சிந்திய சோளத்தைப் பொறுக்கிக் கழுவி வறுத்துத் தின்கிறாள். உனக்கு இதை எழுதவே கூடாது என்றுதான் சொல்லியிருந்தாள். நாலாவதை எழுதப்போகிறேன் என்றபோது மட்டும், "அவரு அங்க எதைக் காவல் காக்குறாரு மாமா? இங்கதான் ஒண்ணும் மிச்சமில்லையே" என்றாள்.

நாலாவதுக்கு என்னிடம் மூன்று காரணங்கள் இருந்தன: கடமை, மானம், படையைவிட்டு ஓடிவருகிறவனைச் சுடுகிறார்கள் என்பது. எழுதிப் பார்த்ததில் கடைசி ஒன்றுதான் நிற்கிறது, அதுவும் என் பயம்தான். களஞ்சியத்தைக் கொளுத்தியவர்கள் குறிவைத்தது, வீட்டுப் பசி கேட்டுப் போரை விட்டு வரப்போகும் உன்னை என்று இப்போதுதான் புரிகிறது. குறி தவறவில்லை.

கர்த்தர் உன் கால்களைக் காக்கட்டும். ரயில்பாதையை ஒட்டி வராதே, மலைப்பக்கமாக வா. நாலாவது தவறு, மகனே.

உன் அப்பா,
ஈனாக் பிரிட்சர்ட்