முன்பல்லின் நிறம்

அன்புத் தங்கைக்கு,

உன் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

பல் மருத்துவமனையில் நிறம் பார்த்துச் சொல்லும் வேலை தொடர்கிறது. போன வாரம் ஓர் ஆசிரியையின் முன்பல்லுக்கு மாதிரிப் பற்களை ஒப்பிட்டு நிறம் சொன்னேன். நிறம் அளக்கும் புதுக் கருவி ஒரு படி மங்கலாகக் காட்டியது. "அதுக்குக் கண்ணா இருக்கு?" என்று டாக்டரை அடக்கிவிட்டேன். புதுப் பல்லைப் பொருத்தியதும் அந்த அம்மாள் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தார். "என்னம்மா, வாய்க்குள்ள டியூப்லைட் மாட்டிட்டீங்க!" நானும் சிரித்துவைத்தேன்.

பிறகு நான் சொன்ன மாதிரியையும் கருவி காட்டிய மாதிரியையும் ஜன்னலோரம் பிடித்துப் பார்த்தேன். எனக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன. கண்ணில் புரையாக இருக்கும் என்கிறார் டாக்டர்.

பயப்படாதே. விடுப்பு வாங்கிவிட்டேன். அங்கே கண் மருத்துவரிடம் நாள் குறித்து வை. என் மகனிடம் சொல்லாதே, வேலையை விடச் சொல்வான். உன் அத்தான் போனபின் எனக்கென்று இருப்பது இதுதான்.

ஆபரேஷனுக்கு நான் தனியாகவே போய்க்கொள்வேன். நீ வெளியே உட்கார்ந்திருந்தால் போதும்.

அடுத்த நோயாளி வந்துவிட்டார்.

அக்கா