ஆசீர்வாதம் தோட்டத்து ஹைட்ரஜன்

ஜனவரி 20, ஆனைக்கரை

ஸ்டீல் குழாய் இன்றும் வரவில்லை. மூன்று கொட்டேஷன் வேண்டுமாம், வந்தது இரண்டுதான். பாறைக்கடியில் தானாக ஊறும் ஹைட்ரஜனைக் கண்டுபிடித்துவிட்டால் நாட்டில் எரிபொருள் பஞ்சமே இருக்காது என்கிறார்கள். கண்டுபிடிக்கக் குழாய்தான் பஞ்சம்.

திட்டத் தலைவர் வெங்கிடாசலம் சார் பாலக்காட்டில் உட்கார்ந்தபடி போனில் வழி சொன்னார். "அங்கே இருக்கறதை வெச்சு ஒப்பேத்து பவ்யா, கேட்டியோ."

ஏலத்தோட்டக்காரர் ஆசீர்வாதம் அண்ணாச்சி ஷெட்டில் கிடந்த ஐந்து ஜி.ஐ. குழாய்களைக் கொடுத்தார், துத்தநாகம் பூசியவை. அவருடைய ஆழ்துளைக் கிணற்று மோட்டாரைக் கழற்றிவிட்டு, அந்தப் போரில் அவற்றை இறக்கி அதன் வாயை இறுக மூடினேன். பதினைந்து நாளில் திருப்பித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

பிப்ரவரி 6

வாயு மீட்டர் ஏறிவிட்டது. ஹைட்ரஜன் நிறைய, ஆக்சிஜன் அநேகமாக இல்லை. ஆழத்து வாயு இப்படித்தான் இருக்கும் என்று படித்திருக்கிறேன். மார்ச் 31-ல் முடிய வேண்டிய என் வேலை இனி மூன்று வருடம் நீளும்!

பிப்ரவரி 9

சார் சால்வையோடு வந்தார், பத்திரிகைக்காரர்கள் கேமராவோடு. ஹைட்ரஜனுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. வேறு வழியில்லாமல் போர் மூடிக்கு மாலை போட்டுப் படம் எடுத்தார்கள். தீக்குச்சி கிழித்துக் காட்டச் சொன்னார் ஒரு நிருபர். சார் பத்தடி பின்னால் போய் நின்றுகொண்டு, நாட்டின் எதிர்காலம் பற்றிப் பேசினார்.

பிப்ரவரி 21

பதினைந்து நாள் முப்பதாகிவிட்டது. ஏல இலைகளின் நுனி கருகுகிறது. அண்ணாச்சி கோபப்படக்கூட இல்லை. "காத்து கெடைச்சது சந்தோசந்தான் தாயி. தண்ணி எப்பக் கெடைக்கும்?"

சாரிடம் கேட்டேன். தேசிய முக்கியத்துவமாம். மூடிக்கு அரக்கு சீல் வைத்துவிட்டுப் போனார்.

பிப்ரவரி 27

ஷெட்டில் மிஞ்சிக் கிடந்த ஜி.ஐ. துண்டில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. இந்த மலைத் தண்ணீரில் அமிலப் புளிப்பு உண்டு. புளித்த தண்ணீரில் துத்தநாகம் கிடந்தால் என்ன வரும்? ஒன்பதாம் வகுப்புப் பாடம்.

இரண்டு ஊறுகாய் பாட்டில் கழுவினேன். இரண்டிலும், குழாய் இறக்கும் முன்பே பிடித்து வைத்திருந்த போர்த் தண்ணீர். ஒன்றில் மட்டும் குழாய்த் துண்டு.

மார்ச் 4

குழாய் போட்ட பாட்டிலில் ஹைட்ரஜன், அதில் ஆக்சிஜனும் குறைந்துவிட்டது. மற்றதில் ஒன்றுமே இல்லை. பாறை ஒன்றும் செய்யவில்லை, எல்லாம் நான் இறக்கின குழாய். ஒன்பதாம் கிளாஸ் குழந்தைக்குத் தெரியுமே, உனக்குத் தெரியலையா பவ்யா?

மார்ச் 5

சாரிடம் சொன்னேன். அவர் சொன்னது: "மார்ச் கழியட்டும். உன்னோட எக்ஸ்டென்ஷனும் இந்த ரிப்போர்ட்லதான் இருக்கு, கேட்டியோ."

கேட்டேன்.

மார்ச் 6

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

மார்ச் 9

அண்ணாச்சியும் அவர் மனைவியும் கீழ் ஓடையிலிருந்து குடத்தில் தண்ணீர் சுமந்து செடி செடியாக ஊற்றுகிறார்கள். மேல் பாத்தி காய்ந்து போய்விட்டது. அந்த அம்மாள் என்னைப் பார்த்துச் சிரித்தார், "சாப்பிட்டியா தாயி?" என்றார். வெட்கமாயிருக்கு. வேலைக்காக வாயை மூடிண்டு இருக்கேனே — இதுவும் ஒரு பிழைப்பா?

திட்டத்துக்குப் பணம் கொடுக்கும் அலுவலகத்துக்கு நேராக மெயில் அனுப்பினேன், ஊறுகாய் பாட்டில் படத்தோடு. பிறகு சீலை நானே உடைத்தேன். சாயங்காலம் குழாய்களை உருவிவிட்டு மோட்டாரை இறக்கினோம்.

ஏப்ரல் 2

எனக்கு எக்ஸ்டென்ஷன் இல்லை. சாருக்குப் புதிய திட்டம் கிடைத்திருக்கிறது: 'ஆனைக்கரையில் மறைந்துபோன ஹைட்ரஜன்: காரணங்களைக் கண்டறிதல்.' ஐந்து போர்கள், மூன்று வருடம். ஸ்டீல் குழாய்க்குக் கொட்டேஷன் கேட்டிருக்கிறார்கள்.

ஜி.ஐ. குழாய்களை ஷெட்டில் பழைய இடத்திலேயே சாய்த்து வைத்தேன். பாதிச் செடி பிழைத்துவிடும் என்றார் அண்ணாச்சி. அடுத்து யாராவது வந்து குழாய் கேட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"காத்துப் பிடிக்கவா, தண்ணி எறைக்கவான்னு மொதல்ல கேப்பேன் தாயி."

பெட்டியை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினேன். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.