தூக்கத்தில் போனவர்கள்

அன்புள்ள தம்பிக்கு,

சின்னண்ணன் நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுவது. நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் நலந்தானே? போனில் சொன்னால் சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குத் தாவிவிடுவாய். அதனால்தான் கடிதம்.

மார்க்கெட்டில் எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. ஏலம் கூவுகிறவனுக்குக் குரல் போனால் மிச்சம் என்ன இருக்கிறது? என்ன பெரியவரே, ஏலத்தை ஒவ்வொருத்தர் காதுலயும் வந்து சொல்லப்போறீங்களா என்று வெங்காய வியாபாரி கேலி செய்தான். புற்றோ என்று பயந்து மூடி வைத்திருந்தேன். மகள்தான் இழுத்துக்கொண்டு போனாள்.

மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்த டாக்டரம்மா, கட்டி ஒன்றும் இல்லை, வயிற்றுப் புளிப்பு மேலே ஏறித் தொண்டையை அரித்திருக்கிறது என்றார். எனக்கு நெஞ்செரிச்சலே கிடையாதே என்றேன். பலருக்கு அப்படித்தான், சத்தமில்லாமல் வரும் என்றார். பிறகு தூக்கம் எப்படி என்று கேட்டார். அப்பா தூங்கினா தெருவே முழிச்சிருக்கும், நடுவுல மூச்சே நின்னுடும், அப்புறம் திணறி இழுப்பாரு என்று மகள் முந்திக்கொண்டாள். வீட்டில் எல்லாருக்கும் தெரிந்தது எனக்கு மட்டும் தெரியாது.

விரலில் ஒரு கருவியை மாட்டித் தூங்கவைத்துப் பார்த்ததில், தூக்கத்தில் எனக்கு மூச்சு அடிக்கடி அடைபடுவது தெரிந்தது. அப்படி அடைபடும்போது நெஞ்சு பம்பு போல உறிஞ்சுமாம், அதில் புளிப்பு மேலே வரலாமாம். அரித்த தொண்டை வீங்கினால் மூச்சுப் பாதை இன்னும் குறுகலாமாம். இதில் யார் முதல் குற்றவாளி என்றேன். ஒல்லியானவங்கன்னா ஓரளவு பிரிச்சுப் பார்க்கலாம், உங்க உடம்புல தொப்பை ரெண்டுக்கும் உடந்தை என்றார். வயிற்றை அமுக்குவதும் கொழுப்பு, கழுத்தில் சேர்ந்து மூச்சை நெரிப்பதும் கொழுப்பாம்.

வீட்டில் வேறு யாருக்காவது உண்டா என்றார். பெருமையாகவே சொன்னேன்: எங்க வீட்டு ஆம்பளைங்க எல்லாருக்கும் வாட்டசாட்டமான உடம்பு, குறட்டையில யாரும் சளைச்சவங்க இல்ல, அப்பாவும் பெரியண்ணனும் தூக்கத்துலயே போனாங்க, கொடுத்து வச்சவங்க.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். சாப்பிட்டதும் தொண்டையைக் கனைப்பார்களா என்று மட்டும் கேட்டார்.

தம்பி, உனக்கு நினைவிருக்கிறதா? அப்பா கனைத்தால் விளையாட்டை விட்டுவிட்டுச் சுவரோரம் ஒதுங்குவோமே. அதை அதிகாரம் என்று நினைத்தோம். பெரியண்ணன் கனைக்க ஆரம்பித்தபோது, மாமனார் மாதிரியே ஆயிட்டார் என்று பெரியண்ணி பூரித்தாள். அவர்களுக்கு என்னவென்று தன்னால் சொல்ல முடியாது என்றுதான் டாக்டரம்மா சொன்னார். ஆனாலும் அவர்கள் மூச்சடைத்துத்தான் போனார்களோ என்று எனக்குத் தோன்றியது. இரண்டு சாவிலும் வந்தவர்கள் எல்லாம் நல்ல சாவு என்றார்கள். நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

எனக்கு ராத்திரி மூக்கில் குழாய் மாட்டிக் காற்று ஊதும் மெஷின் தந்திருக்கிறார்கள். மாட்டினால் யானைக்குட்டி மாதிரி இருக்கிறேன் என்று உன் அண்ணி சிரிக்கிறாள். எடையைக் குறைக்க வேண்டும், ராத்திரிச் சாப்பாட்டைச் சீக்கிரம் முடிக்க வேண்டும். செய்கிறேன்.

நீ என்னைவிடப் பருமன். சிக்னலில் பஸ்ஸை நிறுத்தியதும் கண் சொக்கி, பின்னால் ஹாரன் அடித்து எழுப்பினார்கள் என்று போன தடவை வேடிக்கையாகச் சொன்னாய். சொல்வதற்குள் எத்தனை கனைப்பு. நானும் சேர்ந்து சிரித்தேனே, பாவி. உன் முதுகை நம்பி ஒரு பஸ் ஜனம் உட்கார்ந்திருக்கிறது. வேலை போய்விடும் என்று மறைக்காதே. லீவு போட்டுவிட்டு டாக்டரிடம் போ. உன் மனைவியையும் கூட்டிப் போ, உன் தூக்கத்தைப் பற்றி உனக்கு ஒன்றும் தெரியாது.

கூடப் பிறந்தவர்களில் இனி எனக்கு நீ ஒருவன்தான். நிம்மதியாகத் தூங்கு என்று வாழ்த்தித்தான் எப்போதும் முடிப்பேன். இந்தத் தடவை வாய் வரவில்லை. டாக்டரைப் பார்த்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல், அப்புறம் வாழ்த்துகிறேன்.

உன் சின்னண்ணன்