மூன்றாம் குன்றைச் சுற்றிப் போகும் வழி

மார்ச் 9, ஞாயிறு

இன்று மூன்று முறை விழுந்தேன். மூன்றும் நின்ற இடத்திலேயே. ஓடும் சைக்கிளிலிருந்து ஒருமுறைகூட விழவில்லை என்று தம்பியிடம் பெருமையாகச் சொன்னேன். அவன் சிரித்த சிரிப்பில் அவன் மனைவி அடுப்படியிலிருந்து ஓடிவந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரிக்காதீர்கள், உயிரே போகிறது என்று அதட்டிவிட்டுப் போனாள்.

பிப்ரவரியில் அவனுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். மே மாதம் வரை சைக்கிளைத் தொடக்கூடாது. ஆனால் மே 11 அன்று அவனுடைய சைக்கிள் குழுவின் ஆண்டுச் சவாரி. நாற்பது பேர் வருவார்கள். பாதை முழுக்க இவன் வகுத்தது. காடு, புதர்வெளி, மூன்று குன்று என்று அறுபது கிலோமீட்டர். பேருக்குக்கூடத் தார் ரோடு கிடையாது, எல்லாம் சரளை. மழைக்காலம் அதை என்ன பாடுபடுத்தியிருக்கிறது என்று யாராவது ஓட்டிப் பார்க்க வேண்டும்.

குழுவில் யாரையாவது அனுப்பேன் என்றேன்.

"அவங்க எல்லாம் நல்லாத்தான் இருக்குன்னு சொல்லுவாங்க. நீதான்க்கா குறை சொல்லுவ."

அவன் பஸ் டிப்போ மெக்கானிக். வண்டியை மட்டுமல்ல, ஆளையும் எங்கே தட்டினால் கிளம்பும் என்று தெரிந்தவன். ஐம்பத்திரண்டு வயதில், பதினெட்டு வருஷம் சைக்கிளையே தொடாமல் இருந்துவிட்டு, அவனுடைய தடித்த டயர் சைக்கிளில் ஏறியிருக்கிறேன்.

மார்ச் 16, ஞாயிறு

காட்டுப் பகுதி, பதினொரு கிலோமீட்டர் முடித்தேன். சரளை எவ்வளவு பெரிசு என்று போனில் குடைகிறான். எப்படிச் சொல்வது? இருபத்தாறு வருஷமாக லேபில் பல் செட் செய்து பிழைக்கிறவள் நான். ஆரம்பத்தில் பால் பல், ஓடைப் பக்கம் முன்பல், ஏற்றத்தில் கடைவாய்ப்பல் என்றேன். அதை அப்படியே எழுதிக்கொள்கிறான்.

"சொத்தை எங்கயாவது இருக்கா?"

இருக்கிறது. மரப்பாலம் தாண்டி நான்கு குழி.

மார்ச் 18

உட்கார முடியவில்லை. இன்றும் நின்றபடியே வேலை. யாரும் ஏன் என்று கேட்கவில்லை, நல்லவர்கள்.

மார்ச் 30, ஞாயிறு

புதர்வெளி. இத்தனை வருஷம் இதே ஊரில் இருந்துகொண்டு இப்படி ஓர் இடம் இருப்பது தெரியாமல் இருந்திருக்கிறேன். முட்டளவுப் புதர், கண்ணுக்கு எட்டியவரை. நடுவில் வகிடு எடுத்த மாதிரி வெள்ளை மணல் பாதை. காற்று முகத்திலேயே அடித்தது. மிதிப்பதை நிறுத்தினால் நின்றுவிடுகிறது. ஆனாலும் நிறுத்த மனசில்லை.

பாதி வழியில் வனக்காவலர் கையைக் காட்டி நிறுத்தினார். தரையில் கூடு கட்டும் பறவைகள் முட்டையிடும் காலமாம், நடுப்பாதை ஜூலை வரை மூடல். கயிறு கட்டிக்கொண்டிருந்தார். என் தலைக்கவசம் பின்பக்கம் முன்பக்கமாக மாறியிருக்கிறது என்பதையும் அவர்தான் சொன்னார்.

தம்பிக்குச் சங்கடம். நடுப்பாதை இல்லையென்றால் எல்லோரும் மூன்றாம் குன்றின் செங்குத்துப் பக்கம் ஏற வேண்டும். குழுவில் பாதிப் பேரால் முடியாது. குன்றின் அடிவாரத்தைச் சுற்றி, காட்டுத்தீ பரவாமலிருக்க வெட்டிய பழைய பாதை ஒன்று உண்டு, தேடிப் பார் என்றான்.

ஏப்ரல் 6, ஞாயிறு

தேடினேன். இல்லை. முள் மட்டும்தான். மூன்றாம் குன்றைச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஏறினேன். 'இல்லை' என்று சொன்னதும் தம்பி, சரி விடு என்றான். அவ்வளவு சுலபமாக விடுகிறவன் இல்லையே இவன்?

ஏப்ரல் 12, சனி

நடந்ததை ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

பதினொரு மணிக்குத் தம்பி மனைவி போன் செய்தாள். மருந்துக்கடையில் வேலை அவளுக்கு. வீட்டுப் போனை யாரும் எடுக்கவில்லை என்று ஓடிப்போய்ப் பார்த்திருக்கிறாள். அவனைக் காணோம். அவளுடைய கூடை வைத்த சைக்கிளையும் காணோம்.

"அண்ணி, உங்களுக்கு எதாவது சொன்னாரா?"

சொல்லவில்லை. ஆனால் எனக்குத் தெரிந்துவிட்டது. லேபின் டெலிவரி வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். வழியெல்லாம் திட்டுவதற்கு வார்த்தை சேர்த்துக்கொண்டே போனேன்.

மூன்றாம் குன்றின் அடியில், வெட்டிப் போட்ட மரத்தின்மேல் உட்கார்ந்திருந்தான். முகம் லேபில் பல் அச்செடுக்கும் மாவு மாதிரி வெளுத்து. விரல் மணிக்கட்டில், நாடி பார்த்தபடி.

வலிக்கிறதா என்று மட்டும் கேட்டேன்.

"இல்லக்கா. எழுந்தா வலிக்குமோன்னு உட்கார்ந்திருக்கேன். ஒன்றரை மணி நேரமா."

போனில் சிக்னல் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். மெதுவாகத்தான் சொன்னான், தரையைப் பார்த்துக்கொண்டு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து ஒவ்வொரு துடிப்பாக எண்ணுகிறானாம். சாப்பிடும்போது, குளிக்கும்போது. இங்கே வந்து ஒருமுறை ஓட்டினால் அது நின்றுவிடும் என்று நினைத்தானாம்.

"இங்க வந்தப்புறம் இன்னும் சத்தமா கேக்குது."

கையைப் பிடித்து வண்டியில் ஏற்றினேன். நேராக ஆஸ்பத்திரி. எல்லாச் சோதனையும் எடுத்தார்கள். இதயத்துக்கு ஒன்றுமில்லை. அங்கே வந்த அவன் மனைவி அவனுடைய சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டுக்கொண்டே இருந்தாள்.

ஏன்டா இப்படிப் பண்ற? அப்பா இல்ல, அம்மா இல்ல. உன்னை விட்டா எனக்கு யாருடா இருக்கா? நீ பாட்டுக்கு அங்க விழுந்து கிடந்திருந்தா — 

அவனிடம் சொல்லவில்லை. இங்கேயே இருக்கட்டும்.

ஏப்ரல் 13

வண்டியில் வரும்போது ஒன்று சொன்னான். நேற்று எழுத விட்டுப்போச்சு. பாதை இருக்கிறதாம். நான் தேடிய இடத்துக்கு எண்பதடி பின்னால். உயிர் போகிற பயத்திலும் அதைப் பார்த்து வைத்திருக்கிறான், கடன்காரன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

போய்ப் பார்த்தேன். உண்மைதான். இரண்டு புதருக்கு நடுவில் உடம்பைக் குறுக்கி நுழைந்தால், அப்பால் அகலமாக விரிகிறது. கீழே ஊசியிலை மெத்தை, டயர் சத்தமே கேட்கவில்லை. குன்றைச் சுற்றிக்கொண்டு, வனக்காவலர் கட்டிய கயிற்றுக்கு இந்தப் பக்கமே வெளிவருகிறது. அவரிடமும் கேட்டுவிட்டேன். கூட்டம் கூடாது, பத்துப் பதினைந்து பேர் மெதுவாகப் போகலாம் என்றார். காட்டிலிருந்து கிளம்பிச் சுற்றித் திரும்பிவர இருபத்தெட்டு கிலோமீட்டர், ஏற்றமே இல்லை.

டாக்டரும் சமதரையில் மெதுவாக ஓட்டலாம் என்றுவிட்டார். ஆனால் தம்பி சைக்கிள் பக்கம் திரும்பவே மாட்டேன் என்கிறான். மே 11 அன்று வீட்டில் இருப்பானாம்.

மே 4, ஞாயிறு

குழுவின் பழைய உறுப்பினர் பட்டியலை அவன் மனைவி எனக்கு ரகசியமாகக் கொடுத்திருந்தாள். ஒரு வாரமாக, வருவதை நிறுத்திவிட்டவர்களுக்கெல்லாம் போன் செய்தேன். மூட்டு மாற்றிய இசை டீச்சர். முதுகு பிடித்துக்கொண்ட தபால்காரர். எங்களால் ஏற்றம் முடியாதே என்றுதான் எல்லோரும் ஆரம்பித்தார்கள். ஏற்றம் இல்லை என்றதும் பதினொரு பேர் வருகிறேன் என்றார்கள்.

இன்று அந்தப் பதினொரு பெயரையும் எழுதிய தாளை அவன் முன்னால் வைத்தேன். சீக்காளிப் பாதையா என்றான். ஆமாம், சீக்காளிகள் கேட்கிறார்கள், வழி உனக்குத்தான் தெரியும் என்றேன். நெடுநேரம் பெயர்களைப் படித்தான். தபால்காரர் பெயரில் விரலை வைத்தான்.

"இவர் சைக்கிள் செயின் எப்பவுமே கழண்டுடும்." பிறகு, "நீ என்கூட வருவல்ல?"

"இல்லடா. எனக்கு மூணு குன்னும் ஏறணும்."

என் வாயிலிருந்தா வந்தது அது? அவனும் அப்படித்தான் பார்த்தான்.

மே 11, ஞாயிறு

மூன்றும் ஏறினேன். மூன்றாவதில் நாக்கு வெளியே தள்ளிவிட்டது, ஆனால் இறங்கவில்லை. உச்சியில் நின்று கீழே பார்த்தேன். மரங்களின் ஓரமாகப் பன்னிரண்டு பேர், எறும்பு ஊர்கிற மாதிரி. திடீரென்று வரிசை நின்றது. கையை நெற்றியில் வைத்து உற்றுப் பார்த்தேன்.

ஒருவர் மட்டும் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, பக்கத்தில் குந்தி உட்கார்ந்து செயினை மாட்டிக்கொண்டிருந்தார். தம்பி. இரண்டு கையும் கிரீஸாகத்தான் இருந்திருக்கும். சுற்றி நின்றவர்கள் எதற்கோ சிரித்தார்கள், உச்சிவரை கேட்டது.

ஜூன் 15, ஞாயிறு

காலையில் போன் செய்தேன், அவன் மனைவிதான் எடுத்தாள். ஆறு மணிக்கே கிளம்பிவிட்டானாம், இந்த வாரம் பதினைந்து பேராம், இசை டீச்சர் தன் தங்கையையும் கூட்டி வந்திருக்கிறாராம். எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து இந்த மனுஷன் இவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை அண்ணி என்று அலுத்துக்கொண்டாள். அலுப்பு மாதிரியே இல்லை.

துணி துவைத்தேன். அலமாரியை ஒழித்தேன். மத்தியானம் நன்றாகத் தூங்கிவிட்டேன். எழுந்து டீ குடித்து முடித்த பிறகுதான் உறைத்தது, அவன் வீட்டுக்கு வந்துவிட்டானா என்று நான் கேட்கவே இல்லை.