சுழித்த சொல்

இண்டூர்,
4.6.1984

அன்புள்ள தெரசா,

நலம். நீயும் பிள்ளைகளும் நலம்தானே? ஒன்றாக டிரெயினிங் படித்தவள் காரியம் என்றால்தான் எழுதுகிறாள் என்று திட்டாதே.

வீட்டுக்காரரை விட்டு வந்து நான்கு மாதமாகிறது. அம்மா வீட்டில் இருக்கிறேன். கம்பைநல்லூரில் ஒரு தனியார் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர் வேலை காலி. அது கிடைத்தால் பிழைத்தேன். இல்லாவிட்டால் ஜூலையில் என்னை அந்த மனிதரிடமே கொண்டுபோய் விட அண்ணன் நாள் குறித்துவிட்டான். உன் பள்ளியில் நான்கு வருடம் பாடம் நடத்தியிருக்கிறேன். தலைமையாசிரியை என்ற முறையில் எனக்கு ஒரு நன்னடத்தைச் சான்று கொடு.

உன்
சகாயமேரி

மாரண்டஹள்ளி,
11.6.1984

அன்பு மேரி,

சான்றிதழைக் கம்பைநல்லூருக்கே அனுப்பிவிட்டேன். நகல் இத்துடன் இருக்கிறது. பாடம் நடத்துவதில் உனக்கு நிகரில்லை என்று மனதாரத்தான் எழுதினேன். கடைசி வரியைப் பார்த்துக் கோபப்படாதே. நீ ஏன் புருஷனை விட்டு வந்தாய் என்று அந்தப் பள்ளியிலிருந்து எழுதிக் கேட்டிருந்தார்கள். 'ஹெர் ரீசன்ஸ் ஆர் ஆம்பிகுவஸ்' என்று போட்டேன். எங்கள் தாளாளர் உன் வீட்டுக்காரருக்குச் சித்தப்பா முறை என்பது உனக்கே தெரியும். எனக்கும் குடும்பம் இருக்கிறதடி.

தெரசா

இண்டூர்,
14.6.1984

தெரசா,

'அன்புள்ள' என்று போட இன்று கை வரவில்லை.

நகலைத் திருப்பி அனுப்புகிறேன். ஒரு சொல்லைச் சிவப்பு மையில் சுழித்திருக்கிறேன், பார். எட்டாம் வகுப்புப் பிள்ளை எழுதியிருந்தாலும் அப்படித்தான் சுழித்திருப்பேன். இப்படியும் எடுத்துக்கொள்ளலாம், அப்படியும் எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்தால்தான் அது ஆம்பிகுவஸ். பிப்ரவரியில் விறகுக்கட்டையால் அடி வாங்கி, நெற்றியில் ரத்தத்தோடு உன் வாசலில் நின்றேனே, அதை எத்தனை விதமாக எடுத்துக்கொள்வாய்? "இனிமேட்டுக்கு அந்த வூட்டுப் பக்கமே போவாதடி, செத்துருவ" என்று சொன்னது யார்?

சரியான வாக்கியம் நான் தருகிறேன். 'தெரசாஸ் சர்ட்டிபிகேட் இஸ் ஆம்பிகுவஸ்.' இதில் ஒரு பிழையும் இல்லை.

வரும் சனிக்கிழமை இன்டர்வியூ. அவர்களிடம் இருக்கும் உன் சான்றிதழை வாங்கி உரக்கப் படித்து, அந்தச் சொல் ஏன் தப்பு என்று கமிட்டிக்கே பாடம் நடத்தப்போகிறேன். வேலை போனால் போகட்டும். கல் உடைத்தாவது பிழைப்பேன். ஜூலையில் எவனும் என்னை எங்கேயும் கொண்டுபோய் விட முடியாது.

சகாயமேரி

மாரண்டஹள்ளி,
28.6.1984

அன்புள்ள மேரி,

நீ போடாவிட்டாலும் நான் போடுவேன்.

சொன்னபடியே செய்துவிட்டாய். 'உங்கள் வாக்கியம் தவறு என்கிறார் விண்ணப்பதாரர். விளக்கம் வந்த பிறகே நியமனம்' என்று கம்பைநல்லூரிலிருந்து எனக்குக் கடிதம் வந்தது. விஷயம் எங்கள் தாளாளர் காதுக்கும் போய்விட்டது. கூப்பிட்டனுப்பினார். "யோசிச்சு எழுதுங்க டீச்சர்" என்று மட்டும் சொன்னார்.

இரண்டு நாள் யோசித்தேன். பிறகு இரண்டே வரி எழுதினேன். பிப்ரவரி பதினொன்றாம் தேதி உன் புருஷன் அடித்த காயத்தை நானே கழுவிக் கட்டினேன். இனி அங்கே போகாதே என்று சொன்னவளும் நானே. அடியில் கையெழுத்துப் போட்டு, பள்ளி முத்திரையும் குத்தி, ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பிவிட்டேன்.

இனி என் வேலை என்னாகுமோ தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது.

இதோ நகல். பிழை இருந்தால் சுழித்து அனுப்பு.

உன்
தெரசா